எதை மறைக்கலாம், எதை மறைக்கக்கூடாது: வீட்டு மின்சாரத்தில் அழகும் பயன்பாடும்

கொழும்பில் புதிதாக வீடு கட்டுகிறவர்களும், பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும், தொடர்மாடியில் வீடு வாங்கி உள்ளலங்காரம் செய்கிறவர்களும் மின்சார வேலைக்கு ஆள் பிடித்ததும் முதலில் சொல்வது, வயர் எதுவும் கண்ணில் படக்கூடாது என்பதைத்தான். சுவரில் குழாய் ஓடக்கூடாது, பியூஸ் பெட்டி வரவேற்பறையில் தெரியக்கூடாது, மீற்றர் பெட்டி முகப்பைக் கெடுக்கக்கூடாது, வாசலுக்கு நேரே மின்கம்பம் நிற்கக்கூடாது. இந்த ஆசையில் பிழை இல்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீடு பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்று எவருக்கும் இருக்கும். இருந்தாலும், மின்சாரப் பொருள்களில் அழகில்லாமல் தெரிகிற பல அம்சங்கள் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. அந்த வேலை என்னவென்று தெரிந்துவிட்டால், எதை மறைக்கலாம், எதை இடம்மாற்றலாம், எதை இருந்தபடி விடவேண்டும் என்பதை வீட்டுக்காரரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

மின்சாரப் பொருள் ஒன்றின் வடிவத்தையும் அது வைக்கப்படும் இடத்தையும் தீர்மானிப்பவை பெரும்பாலும் மூன்று தேவைகள். மின்னோட்டம் பாயும் எந்த உலோகமும் சூடாகும். அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும். மின்னழுத்தம் உள்ள கம்பிக்கும் மனிதருக்கும், ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே போதிய இடைவெளி அல்லது காவலுறை வேண்டும். பழுது ஏற்படும்போது மின்சாரத்தை நிறுத்தவும் திருத்தவும் கை எட்டவேண்டும். அழகுக்காகச் செய்யும் எந்த மாற்றமும் இம்மூன்றில் எதைக் குறைக்கிறது என்று பார்ப்பதே இந்த விடயத்தின் அரிச்சுவடி.

முதலில் வீதியைப் பார்ப்போம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நின்று மேலே பார்த்தால், கொன்கிறீட் மின்கம்பத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக அலுமினியக் கம்பிகள் பீங்கான் குமிழ்களில் கட்டப்பட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். மூன்று கம்பிகள் மின்சாரத்தைக் கொண்டுவரும் மூன்று கட்டங்களுக்கு (பேஸ்), ஒன்று அது திரும்பிச் செல்லும் நடுநிலைக்கு (நியூட்ரல்). வீதி விளக்குகளுக்கென்று மேலும் ஒன்று இருப்பதுண்டு. கட்டக் கம்பி ஒன்றுக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே 230 வோல்ற், இரு கட்டக் கம்பிகளுக்கிடையே 400 வோல்ற். இக்கம்பிகளுக்கு உறையே இல்லை. அவற்றைப் பிரித்து வைத்திருப்பது வெறும் காற்றுத்தான். காற்று இலவசமான காவலி, அதாவது மின்சாரத்தைக் கடத்தாத பொருள், என்பதுடன் கம்பியைக் குளிரவும் வைக்கிறது. ஒற்றைக் கம்பியில் அமரும் காகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. இறக்கையை விரித்து இரண்டு கம்பிகளை ஒரே நேரத்தில் தொடும் காகம் செத்து விழுகிறது. கம்பிகள் அவ்வளவு விலகி, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதன் காரணம், அவற்றின் நடுவே காவலியாகக் காற்று மட்டுமே இருப்பதுதான்.

அக்கம்பிகள் தொய்ந்து கிடப்பது பலருக்குக் கவனயீனமான வேலையாகத் தெரிகிறது. துணி உலர்த்தும் கொடியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அது நடுவில் சற்றுத் தொய்வதைப்போல, தன் எடையைத் தானே சுமக்கும் எந்தக் கம்பியும் முற்றிலும் நேராக நிற்க முடியாது. தொய்வைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் இழுவிசையை ஏறத்தாழ இரு மடங்காக்க வேண்டும். அந்த விசையைக் கம்பியும் தாங்கவேண்டும், ஒழுங்கை முடிவில் நிற்கும் கடைசிக் கம்பமும் தாங்கவேண்டும். அத்துடன், நண்பகல் வெயிலும் இரவுநேர மின்பாவனையும் கம்பியைச் சூடாக்கி நீளச் செய்கின்றன. மழைக் குளிர் அதைச் சுருங்கச் செய்கிறது. தொய்வு இல்லாத கம்பி சுருங்கும்போது கட்டைப் பிடுங்கும். ஆகவே தொய்வு கணக்குப் பார்த்து விடப்பட்ட ஒன்று. மரக்கிளையிலோ பக்கத்து வீட்டு மேல்மாடியிலோ முட்டும் அளவுக்கு அது கூடினால் மட்டுமே உரிய இடத்தில் முறையிட வேண்டும்.

உயர் அழுத்தக் கம்பிகளைத் தாங்கும் பீங்கான் காவலிகளைக் கவனித்தால், அவற்றில் அடுக்கடுக்காகப் பாவாடை விரிந்ததுபோன்ற மடிப்புகள் இருக்கும். அலங்காரம்போலத் தோன்றும் அந்த மடிப்புகளுக்கு இரண்டு வேலைகள் உண்டு. கம்பியிலிருந்து கம்பத்துக்கு மேற்பரப்பு வழியாக மின்சாரம் கசியவேண்டுமானால் கடக்கவேண்டிய தூரத்தை அவை நீட்டிவிடுகின்றன. மழை பெய்யும்போது மடிப்பின் அடிப்பக்கம் நனையாமல் இருப்பதால் ஈரப்பாதை தொடர்ச்சியாக அமைவதில்லை. மேலே பூசப்பட்ட வழுவழுப்பான பூச்சு தூசியையும் உப்பையும் மழையே கழுவிவிட உதவுகிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை போன்ற கரையோரப் பகுதிகளில் இது சாதாரண விடயம் இல்லை. மழையில்லாத நாள்களில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு காவலியில் படிந்து, பிறகு ஈரம் பட்டதும் மின்சாரத்துக்கு வழி விடுகிறது. கம்பத்தின் உச்சியில் இரவில் மெல்லிய சீறல் ஒலி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடலோர வீடுகளில் யன்னல் கிறில் துருப்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு, மின்கம்பத்துப் பொருள்களுக்கு என்ன நடக்கும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

"இவ்வளவு சிக்கல் இருந்தால் எல்லாவற்றையும் நிலத்துக்கடியில் போட்டுவிடலாமே" என்ற கேள்வி நியாயமானது. கொழும்பு மாநகரில் அது ஏற்கெனவே பெருமளவு செய்யப்பட்டிருக்கிறது. நகரின் 11,000 வோல்ற் விநியோகத்தில் பெரும்பகுதி நிலத்தடி வடங்களில் செல்கிறது. கோட்டை, கறுவாத்தோட்டம் ஆகிய பகுதிகளின் பெரிய வீதிகளில் அண்ணாந்து பார்க்கும்போது கம்பிக்குப் பதிலாக மரக்கிளைகள் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அலுவலகங்களும் ஹோட்டல்களும் நெருங்கி நிற்கும் இடத்தில் ஒரு கிலோமீற்றர் வடம் பெருந்தொகையான பாவனையாளருக்கு உதவுவதால் செலவு கட்டுப்படியாகிறது. பலத்த காற்றில் மரம் முறிந்து விழுந்து மின்சாரம் தடைப்படுவதும் குறைகிறது.

ஒவ்வொரு ஒழுங்கைக்கும் அதைக் கொண்டுபோக முடியாமைக்குக் காரணம் பணம் மட்டுமில்லை. மேலே ஓடும் கம்பியைக் காற்று குளிர்விக்கிறது; மண்ணுக்குள் இருக்கும் வடத்தின் சூடு மெதுவாகவே வெளியேறுகிறது. ஆகவே அதே மின்னோட்டத்துக்குத் தடித்த உலோகமும், அதைச் சுற்றி முழு அழுத்தத்தையும் தாங்கும் காவலுறையும், ஈரமும் மண்வெட்டியும் உள்ளே போகாதபடி கவசமும் தேவைப்படுகின்றன. விலை பல மடங்காவது இதனால்தான். பழுது என்று வரும்போது வேறுபாடு இன்னும் கூடுகிறது. மேலே அறுந்த கம்பியை வீதியில் போகிறவர் எவரும் காட்டிவிடுவார். நிலத்தடியில் பழுதான இடத்தை, வடத்தின் ஒரு முனையிலிருந்து மின்துடிப்பு அனுப்பி, அது திரும்பி வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு கணித்து, அதன் பிறகு வீதியைத் தோண்டித்தான் எட்டவேண்டும். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், தொலைபேசி வடம் எல்லாம் ஏற்கெனவே நெருக்கியடிக்கும் குறுகிய ஒழுங்கையில், இன்னொரு துறைக்காரர் தோண்டும்போது வடத்தில் அலவாங்கு படும் அபாயம் எப்போதும் உண்டு.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. காவலுறையிட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கி ஒரே கற்றையாகக் கம்பத்தில் தொங்கவிடுவது அது. 1983இல் தொடங்கப்பட்டுக் கோட்டே, நுகேகொடை, மொறட்டுவை போன்ற பகுதிகளுக்கு மின்சாரம் வழங்கும் லெக்கோவின் கம்பங்களில் இக்கறுப்புக் கற்றையைப் பரவலாகக் காணலாம். நான்கைந்து கம்பிகளுக்குப் பதிலாக ஒரே வடம் என்பதால் பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது. கிளை உரசினால் பொறி பறப்பதில்லை. கொக்கி போட்டு மின்சாரம் திருடுவதும் கடினம். நிறத்தை மாற்றி வெள்ளையாகச் செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். பிளாஸ்ரிக் உறையைச் சூரியனின் புறஊதாக் கதிரிலிருந்து காப்பது அதில் கலந்திருக்கும் கரித்தூள். நிறம் கறுப்பானது அதனால்தான். என் கருத்தில், கொழும்பின் உள் ஒழுங்கைகளுக்கு அழகும் பயனும் ஒருங்கே சேர்கிற ஏற்பாடு இதுவே.

கம்பங்களில் உண்மையிலேயே எந்த வேலையும் செய்யாத அழகின்மை ஒன்று உண்டு. மின்கம்பிகளுக்குக் கீழே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, சுருள் சுருளாகத் தொங்கும் தொலைபேசி, தொலைக்காட்சி, இணைய வடங்களைத்தான் சொல்கிறேன். இணைப்பைத் துண்டித்த பிறகும் கழற்றப்படாத பழைய வடங்கள், மிஞ்சிய நீளத்தைச் சுற்றிக் கட்டிய வளையங்கள், எதற்கென்று தெரியாத பெட்டிகள் என்று அவை சேர்ந்துகொண்டே போகின்றன. இவற்றுக்கு வெப்பமும் பெரிய பிரச்சினை இல்லை, இடைவெளியும் பெரிய பிரச்சினை இல்லை. நிலத்துக்கடியில் போடுவதற்கும் மிக எளிதானவை இவைதாம். மின்கம்பத்தில் ஏறவேண்டிய ஊழியரின் ஏணிக்கு இடைஞ்சலாக நிற்பவையும் இவையே. வீதி அழகைப் பற்றிக் குரல் எழுப்புகிறவர்கள் முதலில் இதைப் பற்றித்தான் எழுப்பவேண்டும்.

வாசலுக்கு அருகே நிற்கும் மின்மாற்றி பற்றியும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 11,000 வோல்ற்றில் மின்சாரத்தைக் கொண்டுவந்தால் அதே திறனுக்கு மின்னோட்டம், 400 வோல்ற்றில் இருப்பதைவிட ஏறத்தாழ 27இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கம்பியில் வீணாகும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால் இழப்பு இன்னும் பெரிதாகக் குறைகிறது. ஆகவே மின்மாற்றி செய்யும், அழுத்தத்தைக் குறைக்கும் வேலையை வீடுகளுக்கு எவ்வளவு அருகில் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. தூரத்தில் வைத்தால் ஒழுங்கையின் கடைசி வீட்டில் மாலை ஏழு மணிக்கு மின்விசிறி சோர்ந்து சுழலும். இலங்கையில் பாவனையாளருக்குக் கிடைக்கவேண்டிய அழுத்தம் 230 வோல்ற்றிலிருந்து 6 வீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது சுமார் 216 முதல் 244 வரை. மின்மாற்றியின் பக்கங்களில் துருத்தி நிற்கும் தகடுகளும் குழாய்களும் உள்ளிருக்கும் எண்ணெயைக் குளிர்விப்பவை. அவற்றின் மேல் விளம்பரப் பலகை கட்டுவதும் கொடி படரவிடுவதும் தவறு.

இனிக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சேர்விஸ் வயர். அது சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்பு, கீழே இறங்கிப் பிறகு மேலேறும் ஒரு வளைவு விடப்பட்டிருக்கும். மிஞ்சிய வயரைச் சோம்பலில் விட்டதுபோலத் தெரியும் இதை இழுத்து நேராக்கித் தரும்படி கேட்கிறவர்கள் உண்டு. மழைநீர் வயர் வழியாகவே ஓடி வரும்; வளைவின் அடியில் அது சொட்டி விழுந்துவிடும். வளைவை நேராக்கினால் அந்த நீர் நேரே சுவர்த் துளைக்குள், அங்கிருந்து மீற்றர் பெட்டிக்குள் போகும். ஒரு மழைக்காலம் முழுவதும் இப்படி நீர் போனால், வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடித்து, சூடேறி, கருகத் தொடங்கும். ஒரு சாண் வயரில் இருக்கிற இந்தச் சிறு ஏற்பாட்டைவிட மலிவான பாதுகாப்பு வீட்டு மின்சாரத்தில் வேறில்லை. மீற்றர் பெட்டியை வீட்டு முகப்பிலிருந்து மதிலுக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம். வாசிக்க வருகிறவருக்கும் அது வசதி. அதன் மேல் போகன்விலாவைப் படரவிடுவது மட்டும் வேண்டாம்.

வீட்டுக்குள் அழகின் பெயரால் அதிகம் பலியாவது பச்சை வயர்தான். பழைய வயரிங்கில் முழுப் பச்சையாகவும் புதியதில் பச்சையும் மஞ்சளும் கலந்தும் இருக்கும் இது, நிலத்தொடர்பு வயர். வழக்கத்தில் எர்த் என்கிறோம். பிரதான பெட்டியிலிருந்து சுவர் வழியாக இறங்கி, முற்றத்தில் அறையப்பட்ட செம்புக் கோலுடன் அது இணைகிறது. சுவரில் தனியாக இறங்குவதால் வர்ணம் பூசும்போது இடைஞ்சல், முற்றத்துக்கு ரைல்ஸ் பதிக்கும்போது இடைஞ்சல். வெட்டிவிட்டாலும் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது, ஒரு குறையும் தெரிவதில்லை. ஆகவே பல வீடுகளில் அது துண்டிக்கப்பட்டு, கோல் சீமெந்துக்கு அடியில் புதைந்து, யாருக்கும் நினைவில்லாமல் போய்விடுகிறது.

அதன் பிறகு என்ன நடக்கும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். சலவை இயந்திரத்துக்குள் ஒரு வயரின் உறை தேய்ந்து உலோக உடலில் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சை வயர் சரியாக இருந்தால் மின்சாரம் அதன் வழியாக நிலத்துக்கு ஓடும். இல்லையென்றால் இயந்திரத்தின் உடல் முழுவதும் 230 வோல்ற்றில் அமைதியாகக் காத்திருக்கும். ஈரத்தரையில் வெறுங்காலுடன் வந்து தொடுகிறவரின் உடல் வழியாகவே அது நிலத்தை அடையும். இலங்கையில் வீடுகளுக்குப் பொதுவாக அவரவர் கோலே நிலத்தொடர்பு என்பதால், கோல் மட்டும் போதுமா என்ற கேள்வியும் எழுகிறது. கோலுக்கும் மண்ணுக்கும் இடையே தடை 50 ஓம் என்றால், மற்றத் தடைகளை விட்டுவிட்டாலும் ஓடும் மின்னோட்டம் 230ஐ 50ஆல் வகுத்தால் வருகிற 4.6 அம்பியர்தான். 20 அம்பியர் பியூஸோ பிரேக்கரோ அதற்கு அசையாது. அங்கேதான் ட்ரிப் சுவிட்ச் வருகிறது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது; வேறுபாடு 30 மில்லி அம்பியரை, அதாவது ஒரு அம்பியரின் நூறில் மூன்று பங்கை எட்டினால் ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் வீட்டையே நிறுத்திவிடும். பச்சை வயர் இருந்தால் பழுது ஏற்பட்ட கணத்திலேயே, யாரும் தொடுவதற்கு முன்பே அது விழுந்துவிடும். இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பிறகுதான் விழும். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு வீட்டுக்காரரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பச்சை வயரை மறைக்க விரும்பினால் குழாய்க்குள் விட்டுச் சுவருக்குள் கொண்டுபோகலாம், அதில் தவறில்லை. கோலின் தலை இருக்கும் இடத்தில் மூடியுள்ள ஒரு சிறு குழியை மட்டும் விட்டுவையுங்கள். இணைப்பு இறுகியிருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும், தடையை அளப்பதற்கும் அது வேண்டும்.

ட்ரிப் சுவிட்ச்சும் பிரேக்கர்களும் இருக்கும் பெட்டியை எங்கே வைப்பது என்பதும் இதனோடு சேர்ந்த விடயம். பெரிய படத்துக்குப் பின்னால், அலுமாரிக்குள்ளே, மாடிப்படியின் அடியில் செருப்புத் தட்டுக்கு மேலே என்று அது ஒளிக்கப்படுவதைப் பார்க்கிறோம். இரவில் சமையலறையில் புகை வருகிறது, வீட்டில் இருப்பது வயதான அம்மாவும் ஒரு பிள்ளையும் மட்டும் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் இருட்டில் எட்டக்கூடிய இடமா என்பதே சரியான சோதனை. ட்ரிப் சுவிட்ச்சில் ஒரு சிறு பரிசோதனைப் பொத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை அதை அழுத்தி, சுவிட்ச் விழுகிறதா என்று பார்ப்பது நல்லது. பல ஆண்டுகள் அசையாமல் இருக்கும் பொறி இறுகிப்போக இடமுண்டு. பெட்டி ஒளிந்திருக்கும் வீட்டில் இந்தப் பொத்தானை ஒருவரும் அழுத்துவதில்லை. சுவரின் நிறத்திலேயே கதவு பொருத்திய பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. கதவுக்கு முன்னால் பொருள்கள் நிற்காதவரை அது நல்ல தீர்வு.

சுவருக்குள் வயர் மறைப்பதைப் பற்றி இப்போது சொல்லலாம். கொழும்பின் பழைய வீடுகள் சிலவற்றில் சுவர்மேல் மரப்பட்டியில் ஒட்டியபடி ஓடிய வயரை இன்னும் காணலாம். அதற்கு ஒரு பெரிய நன்மை இருந்தது: எங்கே ஓடுகிறது என்று எல்லாருக்கும் தெரியும், மாற்றவேண்டுமானால் சுவரை உடைக்கத் தேவையில்லை. இன்று குழாயைச் சுவருக்குள் பதித்து அதற்குள் வயரை இழுக்கிறோம். இது பாதுகாப்பான முறைதான். ஆனால் சூடு குறித்த கணக்கு மாறுகிறது. ஹாட்வெயார் கடையில் 7/0.67 என்று கேட்டு வாங்கும் வயர், 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு. சூழல் வெப்பம் 30 பாகை என்று கொண்டால், இலங்கையில் வழக்கமாகப் பின்பற்றப்படும் பிரித்தானிய வயரிங் விதிகளின் அட்டவணைப்படி, சுவர்மேல் திறந்தபடி ஓடும்போது இது 27 அம்பியர் வரை சுமக்கலாம். சுவரில் குழாய்க்குள் ஓடும்போது 24 அம்பியர்தான். வெப்பத்தை விடாத பொருள் அடைத்த சுவருக்குள் என்றால் 20ஆகக் குறைகிறது. சுவரைத் துளைக்கும் வேலையை மிச்சப்படுத்த மூன்று மின்சுற்றுகளின் வயர்களை ஒரே குழாய்க்குள் திணித்தால், 24ஐ 0.7ஆல் பெருக்கவேண்டும், கிடைப்பது 17 அம்பியருக்கும் குறைவு. ஓட்டுக்கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே மதியத்தில் 40 பாகையை எட்டும் இடத்தில் ஓடினால் மேலும் 0.87ஆல் பெருக்கவேண்டும். அதே வயருக்கு 20 அம்பியர் பிரேக்கரைப் பொருத்திவிட்டால், பிரேக்கர் விழுவதற்கு முன்பே வயரின் உறை வேகத் தொடங்கும். மறைக்கலாம், தாராளமாக, குழாய்களைக் கூட்டுங்கள், அல்லது வயரின் தடிப்பைக் கூட்டுங்கள். மேலதிகமாகப் போகும் செம்பின் விலைதான் அந்த அழகின் விலை.

மறைந்த வயருக்கு இன்னொரு விதி உண்டு. சுவிட்சிலிருந்தோ பிளக் பொயிண்டிலிருந்தோ அது நேர்மேலாக அல்லது நேர்கிடையாக மட்டுமே போகவேண்டும். குறுக்குவழி என்று மூலைவிட்டமாகப் போகக்கூடாது. வயரை மிச்சம் பிடிக்க மூலைவிட்டமாக இழுத்துப் பூசிவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து சாமிப் படம் மாட்ட ஆணி அடிக்கிறவர், சுவிட்சுக்கு நேர் மேலேயும் பக்கத்திலும் தவிர்த்தால் போதும் என்று நம்பித்தான் அடிக்கிறார். அந்த நம்பிக்கையை வயரிங் செய்கிறவர் காப்பாற்றவேண்டும். அதேபோல், வயர்கள் சந்திக்கும் இணைப்புப் பெட்டிகளின் மூடியைப் பூச்சுக்குள் புதைத்துவிடக்கூடாது. பழுதுகள் பெரும்பாலும் இணைப்புகளிலேயே தொடங்குகின்றன. மூடி புதைந்த வீட்டில் ஒரு தளர்ந்த திருகாணியைத் தேடச் சுவர் முழுவதையும் கொத்தவேண்டியிருக்கும்.

பிளக் விடயத்தில் அழகைவிடப் பயன் முந்திய ஒரு நல்ல முன்மாதிரி நம் கையிலேயே இருக்கிறது. 1947இல் பிரித்தானிய நியமமாக வெளியான 13 அம்பியர் சதுரக் கால் பிளக், உலகிலுள்ள பிளக்குகளில் பருமனான ஒன்று. அதன் ஒவ்வொரு பருமனுக்கும் காரணம் உண்டு. நிலத்தொடர்புக் கால் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதால் முதலில் அதுவே தொடுகிறது; உள்ளே இருக்கும் மறைப்பைத் திறப்பதும் அந்தக் கால்தான், ஆகவே குழந்தை ஒன்று ஊசியை நுழைத்தாலும் மின்சாரம் உள்ள துளைகள் மூடியே இருக்கும். வயிற்றுக்குள் பியூஸ் இருப்பதால், மெல்லிய வயருள்ள மேசை விளக்குக்கு 3 அம்பியரும் பெரிய பொருளுக்கு 13 அம்பியரும் போட்டுக்கொள்ளலாம். வயர் கீழ்நோக்கி வெளிவருவதால் பிளக்கை வயரைப் பிடித்து இழுக்கத் தோன்றாது. உருண்டைக் கால் 5 அம்பியரும் 15 அம்பியரும் கலந்து கிடந்த நம் நாட்டில், இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இந்தச் சதுரக் கால் வகையையே தேசிய நியமமாகத் தேர்ந்தது. எல்லாக் காலும் நுழையும்படி அகன்ற துளை வைத்த மல்ட்டி பிளக்குகள் ஒரு தட்டில் எல்லா வேலையையும் முடிப்பதால் வசதியாகத் தெரியும். எந்தக் காலையும் இறுகப் பிடிக்காத துளையில் தொடுகை தளர்ந்து பொறி பறக்கும். அவற்றை வீட்டிலிருந்து அகற்றுவதே நல்லது. எக்ஸ்டென்ஷன் வயரைக் கம்பளத்துக்கு அடியில் விடுவதும் அப்படித்தான்: சூடு வெளியேறாது, மிதிபட்டு உறை தேயும், தேய்ந்தது கண்ணுக்குத் தெரியாது.

ஏசியின் வெளிப்பகுதியை அலங்காரப் பெட்டிக்குள் அடைப்பதையும், சூரியமின் இன்வேர்ட்டரைக் காற்றில்லாத அலுமாரியில் வைப்பதையும் பற்றித் தனித்தனியே விளக்கத் தேவையில்லை. இரண்டும் வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே இருக்கும் பரப்புகளை மூடுகின்றன. முதலாவது மின்சாரப் பட்டியலைக் கூட்டும், இரண்டாவது உற்பத்தியைக் குறைக்கும். கிறில் போட விரும்பினால் காற்று ஊதும் பக்கம் அகலத் திறந்த கிறிலாக இருக்கட்டும்.

செலவும் ஆபத்தும் இல்லாமல் அழகு சேர்க்கும் இடங்கள் நிறையவே இருக்கின்றன, அவற்றைத்தான் நாம் கவனிப்பதில்லை. ஓர் அறையின் எல்லா சுவிட்சுகளும் தரையிலிருந்து ஒரே உயரத்தில், நீர்மட்டம் பார்த்துப் பொருத்தப்பட்டாலே சுவர் ஒழுங்காகத் தெரியும். கட்டில் எங்கே, மேசை எங்கே, ரீவி எங்கே என்று வரைபடத்திலேயே தீர்மானித்துப் போதிய பிளக் பொயிண்டுகளை முன்கூட்டியே வைத்தால், பிறகு தரையில் வயர் ஓடும் தேவையே எழாது. வெளியே ஓடியே ஆகவேண்டிய குழாயை அறையின் மூலையோடும் சீலிங் விளிம்போடும் நேர்கோட்டில் கொண்டுபோய்ச் சுவரின் நிறத்தையே பூசிவிடலாம். பூச்சு வேலைக்கு முந்திய நாள், குழாய்கள் வெளியே தெரியும்போது, ஒவ்வொரு சுவருக்கும் அருகே அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்து அச்சிட்டு, பிரேக்கர் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் ஓர் உறையில் ஒட்டி வையுங்கள். எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு என்பதை வீட்டிலுள்ள எல்லாரும் வாசிக்கும்படி தமிழிலும், வேலைக்கு வரும் பாஸ் வாசிக்கும்படி சிங்களத்திலும் அதே கதவில் எழுதிவிடுங்கள்.